மெட்ராஸ் ஐ என்று விட்ட கண்ணும், மங்கிய இரண்டு காதுகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கொங்குப் பகுதி நகரம் ஒன்றில், எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வந்த ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு இது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில சொந்த விவரங்களை மாற்றியிருக்கிறேன். நாள் கணக்கைக் கண் சிவந்த தினத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன். அவர் எங்களிடம் வந்தபோது நாங்கள் அப்படி எண்ணவில்லை. காது மந்தமான இரவைத்தான் முதல் நாள் என்று கேஸ் ஷீட்டில் எழுதினோம். நடந்த தாமதத்தில் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

பின்னணி

அவருக்கு 32 வயது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, பிசிறு வெட்டி, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். கணவர் டையிங் யூனிட்டில் இருக்கிறார். ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் குழந்தை. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு கிடையாது, காசநோய் வந்ததில்லை, குடும்பத்தில் காது கேளாதவர் யாரும் இல்லை. பக்கத்து ஹாலில் பவர் டேபிள் தையல் மெஷின்கள் ஓடும் சத்தத்தைப் பற்றிக் கேட்டோம். ஒன்பது வருடமாக அங்கே வேலை செய்தும் காதில் இரைச்சல் வந்ததில்லை என்றார்.

நாள் 1: வலது கண் சிவந்து நீர் வடிந்தது. மழைக்காலம். அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் அந்த வாரம் நாலைந்து பேருக்கு மெட்ராஸ் ஐ. இவரும் அதுதான் என்று நினைத்து, மெடிக்கலில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டார். நாள் 6-இல் இடது கண்ணும் சிவந்தது. சிவப்பு மெல்லக் குறைந்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுவது மட்டும் போகவில்லை.

நாள் 17, இரவு: படுக்கையில் புரண்டபோது வீடே சுழன்றது. விடியும்வரை வாந்தி. இடது காதில் “மோட்டார் ஓடற மாதிரி” இரைச்சல். பக்கத்து கிளினிக்கில் வாந்திக்கு ஊசி போட்டு, பித்தம் ஏறியிருக்கிறது, கழுத்தெலும்புத் தேய்மானமாகவும் இருக்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள். மூன்று நாளில் சுற்றல் தணிந்தது. போனை இடது காதில் வைத்தால் எதுவும் கேட்கவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் கவனித்தார்.

முதல் வருகை: நாள் 21

காதுத் துவாரமும் செவிப்பறையும் சுத்தமாக இருந்தன. ட்யூனிங் ஃபோர்க்கை நெற்றி நடுவில் வைத்தபோது சத்தம் வலப்பக்கம் ஒதுங்கிக் கேட்டது. இரண்டு காதிலும் எலும்பு வழியைவிடக் காற்று வழியே நன்றாகக் கேட்டது. குறை நடுக்காதில் இல்லை, உட்காதிலோ நரம்பிலோ இருக்கிறது என்பது இந்த இரண்டு நிமிடச் சோதனையிலேயே தெரிந்துவிடும். ஆடியோகிராமில் (கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியின் அளவு இது; எண் குறைந்தால் கேட்கும் திறன் ஏறியது, எண் கூடினால் இறங்கியது என்று பொருள்) இடது காதின் சராசரி 64 டெசிபல், வலது 18. வலது காது முற்றிலும் இயல்பு.

72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ கேட்கும் திறன் இறங்கினால் அது திடீர் நரம்புச் செவிட்டுத்தன்மை. பெரும்பாலோருக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியாது. வைரஸ், ரத்தஓட்டக் குறைவு, எதிர்ப்பு மண்டலக் கோளாறு என்று மூன்றையும் சொல்லிக்கொண்டு ஸ்டீராய்டு ஆரம்பிப்போம். இவருக்கும் அப்படியே செய்தோம். எடை 52 கிலோ. பிரெட்னிசோலோன் தினம் 50 மி.கி. ஒரு வாரம், பிறகு அடுத்த வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது என்று முடிவு. நரம்பில் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கட்டி இல்லை, ஒலியை உணரும் உட்காதுச் சுருளான காக்ளியா இரண்டு பக்கமும் திரவம் நிறைந்து பளிச்சென்று தெரிந்தது. அந்தப் படம் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கக் கைகொடுத்தது.

கண்ணைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. காது டாக்டரிடம் கண்ணைப் பற்றிச் சொல்ல அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

நாள் 35-இல் இடது காது 38-க்கு ஏறியிருந்தது. எங்களுக்குத் திருப்தி. மறுநாளோடு மாத்திரை முடிந்தது. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னோம்.

இரண்டாவது சரிவு: நாள் 47

ஒரு மாதம் வரை அவரால் காத்திருக்க முடியவில்லை. கணவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார். இப்போது நான் பேசுவதைக் கேட்க உதட்டைப் பார்த்தார்.

ஆடியோகிராம்: வலது 52, இடது 71. நன்றாக இருந்த காதும் விழ ஆரம்பித்துவிட்டது. எண்களைவிட என்னைத் தடுக்கி நிறுத்தியது அவர் நடந்து வந்த விதம். சுற்றல் இல்லை என்றார். ஆனால் இருட்டில் கொல்லைப்புறம் போனால் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

“பஸ்ஸுல போறப்ப வெளிய இருக்கற போர்டெல்லாம் ஆடுதுங்க மேடம். நின்னா நிக்குது, நடந்தா ஆடுது.”

இரண்டு காதிலும் சமநிலை உறுப்பு தளர்ந்தவர்கள் சொல்லும் வாக்கியம் இது. தலை அசையும்போது கண்ணை நிலையாகப் பிடித்து வைப்பது உட்காதின் வேலை. அந்தக் கட்டுப்பாடு போனால் நடையின் ஒவ்வொரு அடிக்கும் பார்வை குலுங்கும். அவர் தலையை என் கைகளுக்குள் பிடித்துச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பினேன். என் மூக்கையே பார்க்கச் சொல்லியிருந்தும் கண் தலையோடு வழுக்கிப் போய், பிறகு துள்ளித் திரும்பி வந்தது. மறுபக்கமும் அப்படியே.

அப்போது எங்கள் ஆடியாலஜிஸ்ட் ஒன்று சொன்னார். பரிசோதனை அறைக்குள் விளக்கை அணைத்தால்தான் இவர் நிம்மதியாக உட்காருகிறார், வெளியே காத்திருக்கும்போதும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முந்தானையை நெற்றிவரை இழுத்து விட்டுக்கொள்கிறார் என்றார். என் தலைவிளக்கைக் கண்டதும் அவர் முகம் சுளித்தது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது.

“கண்ணு கூசுதுங்க. அது மெட்ராஸ் ஐ வந்துட்டுப் போனதுதானுங்க.”

எப்போது வந்தது என்று கேட்டேன். காது போவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால். பூளை கட்டியதா, காலையில் இமை ஒட்டிக்கொண்டதா? இல்லை. வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றியதா? இல்லை. ஆறு வயதுக் குழந்தை இருக்கும் ஒரே அறை வீட்டில் யாருக்கும் தொற்றாத மெட்ராஸ் ஐ.

அன்று மதியமே கண் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். கையில் சீட்டைக் கொடுத்து அனுப்பாமல் நானும் கூடப் போனேன். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் இரண்டு கருவிழிகளின் ஓரத்திலும், மேற்பரப்புக்குக் கீழே, சிறு சிறு புகைப்படலத் திட்டுகள் தெரிந்தன. மேல்தோலில் புண் இல்லை. கருவிழியின் நடு அடுக்கில் வரும் அழற்சி இது. சொட்டு மருந்துக் குப்பியை மறுநாள் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தோம். கிருமிக்கொல்லியோடு ஸ்டீராய்டும் கலந்தது. கண் ஓரளவு அடங்கியதும், முழுதாக அடங்காததும், அதன் உருவம் மறைந்து போனதும் அதனால்தான்.

நோயின் பெயர்

கருவிழியின் நடு அடுக்கு அழற்சியும், சில வாரங்களுக்குள் காதும் சமநிலையும் போவதும் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு. அமெரிக்கக் கண் மருத்துவர் டேவிட் கோகன் 1945-இல் விவரித்தது. கோகன் நோய்க்குறி என்றே சொல்கிறோம். அவர் தன் கட்டுரைத் தலைப்பிலேயே ‘சிஃபிலிஸ் அல்லாத’ என்று போட்டிருந்தார். அந்தக் காலத்தில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் பிறவி சிஃபிலிஸ் என்றே முடிவுகட்டுவார்கள். இன்றும் முதலில் அதைத்தான் விலக்க வேண்டும். பென்சிலினால் குணமாகக்கூடிய ஒன்றை விட்டுவிட்டு அபூர்வ நோயின் பின்னால் ஓடக்கூடாது.

சிஃபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனைகளான வி.டி.ஆர்.எல்., டி.பி.ஹெச்.ஏ. இரண்டும் நெகட்டிவ். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி நெகட்டிவ். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். 78, சி.ஆர்.பி.யும் உயர்ந்திருந்தது. எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்குகிறதா என்று பார்க்கும் ஏ.என்.ஏ., ஆன்கா நெகட்டிவ். இந்த நோயில் பெருந்தமனியின் அடிப்பகுதியிலும் அழற்சி வரக்கூடும் என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தோம். வால்வும் தமனியும் சரியாக இருந்தன. உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனை ஒன்றுகூடக் கிடையாது. கண், காது, கால வரிசை, மற்றவற்றை விலக்கியது: இந்த நான்கின் மேல்தான் முடிவு நிற்கிறது.

சதையைக் கிள்ளிப் பார்த்து உறுதி செய்யலாமே என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் கேட்டார். சிறுநீரகத்தில் செய்யலாம், ஈரலில் செய்யலாம். காக்ளியா உடம்பின் மிகக் கெட்டியான எலும்புக்குள் புதைந்திருக்கிறது. உள்ளே ஊசி விட்டால் பார்க்கப் போன பொருளே அழிந்துவிடும்.

உட்காதுக்குக் காவல்

பின்னால் எடுத்த முடிவுகளெல்லாம் உட்காதின் பாதுகாப்பு அமைப்பைப் பொறுத்தவை என்பதால் அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

காக்ளியா இரண்டரைச் சுற்றுச் சுருண்ட குழல். நீட்டினால் சுமார் 35 மி.மீ. அதற்குள் ஒலியை நரம்புச் செய்தியாக்கும் உள்வரிசை ரோமச் செல்கள் சுமார் 3,500, ஒலியைக் கூட்டிக் கூர்மையாக்கும் வெளிவரிசைச் செல்கள் சுமார் 12,000. பிறக்கும்போது இருப்பதுதான் கையிருப்பு. கோழிக்கு இவை அழிந்தால் மறுபடி முளைக்கின்றன என்பது 1980-களின் கடைசியில் தெரியவந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இழந்தால் திரும்பாத பொருளுக்குக் காவல் பலமாகத்தான் இருக்கிறது. மூளைக்கு இருப்பதுபோலவே இங்கும் நுண்குழாய்களின் சுவர் இறுக்கமானது. ரத்தத்தில் ஓடுவது எதுவும் எளிதில் உட்காதுத் திரவத்துக்குள் கசியாது. நான் படித்த காலத்தில் இதை வைத்து, உட்காது எதிர்ப்பு மண்டலத்தின் கை எட்டாத இடம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. செவி நரம்புச் செல்களைச் சுற்றியும் காக்ளியாவின் பக்கச் சுவரிலும் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. உட்காதோடு ஒட்டியுள்ள எண்டோலிம்ஃப் பை லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களின் முகாம். அந்நியப் பொருளை அடையாளம் காண்பது பெரும்பாலும் அங்கே. ரோமச் செல்லைச் சுற்றி நிற்கும் தாங்கு செல்களை வெறும் முட்டுக்கால் என்று நினைத்திருந்தோம். எலிகளின் காக்ளியாவை வைத்துச் செய்த ஆய்வுகளில், வைரஸ் நுழைந்தால் இவை இண்டர்ஃபெரான் என்ற வைரஸ் எதிர்ப்புப் புரதத்தைச் சுரந்து பக்கத்து ரோமச் செல்லைக் காப்பது தெரிந்திருக்கிறது. ரோமச் செல் செத்துவிட்டால் மிச்சத்தை அகற்றி ஓட்டையை அடைப்பதும் தாங்கு செல்களே. அடைக்காவிட்டால் இரண்டு அறைத் திரவங்களும் கலந்து அடுத்தடுத்த செல்லும் சாகும்.

உள்ளூர்க் காவல் போதாதபோது ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் காக்ளியா நடுத்தண்டின் சிரைகள் வழியாக உள்ளே வருகின்றன. அங்கேதான் ஆபத்து. சில நாளில் வேலை முடிந்து அடங்கினால் கேட்கும் திறன் திரும்பும். நீடித்தால், கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும், திரவம் இருக்க வேண்டிய அறையில் நார் படரும். அந்த நார் பிறகு எலும்பாகும். மூளைக்காய்ச்சலில் செவிடான குழந்தைகளின் காக்ளியா எலும்பாகிப்போவதும் இதே வழியில்தான்.

எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கும் ‘தன்னுடல் தாக்கு’ என்ற கருத்து காதுக்குள் நுழைந்தது தாமதமாகத்தான். 1979-இல் அயோவாவைச் சேர்ந்த பிரையன் மெக்கேப் 18 நோயாளிகளைப் பற்றி எழுதியபோதே, மருந்தால் திரும்பக்கூடிய நரம்புச் செவிட்டுத்தன்மை உண்டு என்று பலரும் ஏற்றார்கள். அன்றிலிருந்து ஸ்டீராய்டுக்குக் கேட்கும் திறன் திரும்பினால் தன்னுடல் தாக்கு என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதோடு உட்காதின் உப்புச் சமநிலையையும் திருத்துகிறது. நாள் 35-இல் இடது காது ஏறியதைப் பார்த்து நோய் என்ன என்று நாங்கள் யோசித்திருக்கலாம். ஏறிவிட்டது என்பதோடு திருப்திப்பட்டு நின்றோம்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு ஸ்டீராய்டின் அளவும் காலமும். பிரெட்னிசோலோன் 60 மி.கி., முழு அளவில் நான்கு வாரம். முன்பு இரண்டே வாரத்தில் நிறுத்தியதுதான் வலது காதைக் கெடுத்தது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் கனலை அரைகுறையாக அணைத்துவிட்டு வந்தோம் என்பது என் கருத்து. கண்ணுக்கு ஸ்டீராய்டுச் சொட்டும், கண்மணியை விரிக்கும் சொட்டும் கண் மருத்துவர் கொடுத்தார்.

நம் ஊரில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு என்றால் அதற்கு முன் காசநோயைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். காசநோய்க்கான தோல் பரிசோதனையான மாண்டோவில் 16 மி.மீ. தடிப்பு, அதாவது பாசிட்டிவ். மார்பு எக்ஸ்ரே சுத்தம். இருமல், சளி, எடைக்குறைவு இல்லை. நுரையீரல் மருத்துவரின் யோசனைப்படி தடுப்பு மருந்தாக ஐசோனியசிட்டும், கூடவே பி6 வைட்டமினும் ஆரம்பித்தோம். இதற்காக ஸ்டீராய்டை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவில்லை.

நாள் 61: வலது 31, இடது 76. வலது திரும்புகிறது, இடது திரும்பவில்லை. கண் தெளிந்துவிட்டது. அவரால் மறுபடி போனில் பேச முடிந்தது. இந்த முறை நாங்கள் சந்தோஷப்பட அவசரப்படவில்லை.

நான்கு வாரத்துக்குப் பின் அளவைக் குறைத்தபடி போனோம். 25 மி.கி.க்கு வந்ததும், நாள் 112-இல், வலது 47-க்கு இறங்கியது. எதிர்பார்த்ததுதான், ஸ்டீராய்டைக் குறைக்கும்போது நோய் தலைதூக்குவது இந்த வகையில் சாதாரணம். மறுபடி 40 மி.கி.க்கு ஏற்றினோம். வலது காதின் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் டெக்ஸாமெத்தசோன் ஊசியை வாரம் ஒன்றாக நான்கு முறை போட்டோம்.

இதற்குள் மூட்டு மற்றும் எதிர்ப்பு மண்டல நோய் மருத்துவரிடம் போயிருந்தார். ஸ்டீராய்டுக்குப் பதிலாக நிற்கக்கூடிய மருந்து எது என்பதில் இரண்டு சந்திப்புகள் செலவாயின. மெத்தோட்ரெக்ஸேட் மலிவு, எல்லா இடத்திலும் கிடைக்கும். ஆனால் காதை மட்டும் தாக்கும் தன்னுடல் தாக்கு நோயில், ஸ்டீராய்டால் திரும்பிய கேட்கும் திறனை அது தக்கவைக்கவில்லை என்று 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. 67 பேரை இரு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. கோகன் நோய்க்குறிக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது என்றாலும் ஊக்கம் தருவதாக இல்லை. இவரோ இன்னொரு குழந்தை வேண்டும் என்றார். அதைக் கணவர் வெளியே போயிருந்தபோது செவிலியரிடம் காகிதத்தில் எழுதித்தான் கேட்டிருந்தார். மெத்தோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும். ஆகவே எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் இன்னொரு மருந்தான அஸாதியோப்ரின். நம் மக்களில் சிலருக்கு மரபணு வேறுபாட்டால் இந்த மருந்து வெள்ளணுவைச் சட்டென்று இறக்கிவிடும். அதனால் நாள் 84-இல் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்த எண்ணிக்கை பார்த்து ஏற்றினார்கள். அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். நாள் 112-இன் சரிவு அந்த இடைவெளியில் வந்தது.

எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியையும் பேசினோம். செலவு ஒரு தடை, 16 மி.மீ. மாண்டோ காட்டிய காசநோய் பயம் இன்னொரு தடை. கைவசம் வைத்திருப்போம் என்று விட்டோம்.

ஸ்டீராய்டுக்கு அவர் கொடுத்த விலையையும் எழுத வேண்டும். ஐந்து மாதத்தில் எட்டு கிலோ ஏறியது. முகம் உருண்டு போனது. சாப்பிட்ட பின் சர்க்கரை 200-ஐத் தொட்டது. அம்மா முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று குழந்தை கேட்டதைக் கணவர்தான் எங்களிடம் சொன்னார்.

இடது காது: காத்திருப்பதா, கருவி வைப்பதா

ஆறாவது மாதம் வலது காது 48 டெசிபலில் நிலைத்தது. கேட்கும் கருவி மாட்டினால் எதிரே உட்கார்ந்து பேசுவது புரியும். இடது காது 100-ஐத் தாண்டிவிட்டது, கருவியால் பயனில்லை.

ஒரு காதில் கேட்கிறதே, காக்ளியாவுக்குள் மின்முனை இழையை நுழைத்துச் செவி நரம்பைத் தூண்டும் காக்ளியர் இம்பிளான்ட் எதற்கு என்று குடும்பத்தில் கேட்டார்கள். மாமியார் கேட்ட கேள்வி நியாயமானதுதான்: “இருக்கற காதுல மிஷின் வெச்சா போதாதுங்களா?” வலது காது நாளை என்ன செய்யும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. அதைவிட முக்கியம், மறுபடி எடுத்த எம்.ஆர்.ஐ. நாள் 24-இல் பளிச்சென்றிருந்த இடது காக்ளியாவின் அடிச்சுற்றில் இப்போது வெளிச்சம் மங்கியிருந்தது. சி.டி.யில் எலும்பு இன்னும் தெரியவில்லை. நார் படர ஆரம்பித்துவிட்டது, எலும்பாகவில்லை என்று பொருள். மின்முனை இழையை நுழைக்க வழி திறந்திருக்கும் காலம் இது. ஒரு வருடம் கழித்து அந்த வழி இருக்காது. படங்கள் இரண்டையும் லைட் பாக்ஸில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக் காட்டினோம். மாமியார் எழுந்து போய் விரலால் அந்த மங்கலான சுற்றைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு கேள்வி கேட்கவில்லை.

பணம் தனிக் கதை. மாநில அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் சிறு குழந்தைகளுக்குத்தான். 32 வயதுக்காரருக்கு இடமில்லை. ஒரு அறக்கட்டளை பாதி கொடுத்தது. மீதிக்கு நகை அடகுக்குப் போனது. இதில் இரண்டு மாதம் ஓடியது. அந்த இரண்டு மாதமும் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

எட்டாவது மாதம், பெரிய நகரத்தில் ஒரு மையத்தில் அறுவை நடந்தது. முன்கூட்டியே நிமோகாக்கஸ் தடுப்பூசி போட்டோம். இம்பிளான்ட் வைத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஆபத்து சற்று அதிகம், இவருக்கு எதிர்ப்பாற்றலும் குறைக்கப்பட்டிருந்தது. அறுவை அறிக்கையில் இருப்பது: நடுக்காதிலிருந்து காக்ளியாவுக்குள் போகும் வட்டச் சாளரத்துக்கு உள்ளே வெண்மையான நார்த் திசு, சில மி.மீ. அகற்றிய பின் வழி திறந்தது. மின்முனை இழை முழுவதும் உள்ளே போனது.

விளைவு

மூன்று வாரம் கழித்துக் கருவியை இயக்கினார்கள். முதல் நாள், “தகர டப்பாவுக்குள்ள இருந்து பேசற மாதிரி” இருக்கிறது என்றார். இரண்டாவது வாரம் குக்கர் விசிலையும் காலிங் பெல்லையும் பிரித்தறிந்தார். மூன்றாம் மாதம் குழந்தை பின்னாலிருந்து கூப்பிட்டுத் திரும்பியதாக எழுதி அனுப்பினார். ஆறாவது மாதம் கணவரோடு போனில் பேசுவது அந்தக் காதில்தான். வலது காதுக்கு அது வரை கிடைத்த கருவி அவ்வளவு தெளிவைத் தரவில்லை.

சமநிலை திரும்பவில்லை. பகலில், சமதளத்தில் நன்றாக நடக்கிறார். இயன்முறைப் பயிற்சி உதவியது. இருட்டில் செல்போன் டார்ச் இல்லாமல் கொல்லைப்புறம் போவதில்லை. ஸ்கூட்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். செக்கிங் வேலைக்குத் திரும்பிப் போனார். சூப்பர்வைசர் எதிரே நின்று பேச வேண்டும் என்ற ஏற்பாட்டோடு.

மாற்றிக்கொண்டவை

திடீரென்று காது மங்கி வரும் எவரிடமும், கடந்த மூன்று மாதத்தில் கண் சிவந்ததா, வெளிச்சம் கூசியதா, மூட்டு வீங்கியதா, வாய்ப்புண், தோல் தடிப்பு உண்டா என்று இப்போது கேட்கிறோம். எங்கள் ஆடியாலஜிஸ்ட் தன் படிவத்தின் அடியில் ஒரு வரி சேர்த்துவிட்டார்; ஹெட்ஃபோன் மாட்டும் முன் அவரே கேட்டு விடுகிறார். கேட்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

ஸ்டீராய்டு முடிந்த பிறகு ஒரு மாதம் கழித்து வரச் சொல்வதை நிறுத்திவிட்டோம். முடிந்த மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் ஆடியோகிராம், இரண்டு காதுக்கும். இவருடைய வலது காது எந்த நாளில் விழ ஆரம்பித்தது என்று எங்களுக்குத் தெரியாது; நாள் 36-க்கும் 47-க்கும் இடையில் எப்போதோ. நாள் 40-இல் பார்த்திருந்தால் 52 வரை போயிருக்காது என்று நினைக்கிறேன். இடது காதைப் பற்றி அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். முதல் இரவிலேயே அங்கே நடந்த சேதம் பெரிதாக இருந்திருக்கலாம்.

இம்பிளான்ட் பேச்சையும் சீக்கிரம் எடுத்திருக்க வேண்டும். மூன்றாம் மாதத்திலேயே இடது காது கைவிட்டது தெரிந்துவிட்டது. நம்பிக்கையைக் கெடுக்க வேண்டாம் என்று நான் தள்ளிப்போட்டேன். அதைச் சொல்லியிருந்தால் பணம் திரட்டுவது மூன்று மாதம் முன்னால் தொடங்கியிருக்கும், வட்டச் சாளரத்தில் நாரும் குறைவாக இருந்திருக்கும். கண் பிரிவோடு இப்போது ஓர் ஏற்பாடு: காதும் கண்ணும் சேர்ந்த நோயாளி என்றால் ஒரே கேஸ் ஷீட், ஒரே முதல் நாள்.

இப்போதைய நிலை: அஸாதியோப்ரின் தினம் 100 மி.கி., பிரெட்னிசோலோன் 5 மி.கி. வலது 50, இடது இம்பிளான்ட்டோடு 30. ஐசோனியசிட் முடிந்தது. எக்கோ ஆண்டுக்கு ஒருமுறை. இரண்டாவது குழந்தையைப் பற்றி, நோய் ஆறு மாதம் அசையாமல் இருந்தால் பேசலாம் என்று எதிர்ப்பு மண்டல மருத்துவர் சொல்லியிருக்கிறார். போன புதன்கிழமையோடு நான்கு மாதம் ஆகிறது.